சாமிரியின் கன்று இப்போது பதில் பேசுகிறது



சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் புனித பேதுருவின் பெயரால் அமைந்த பழமையான சிற்றாலயம் ஒன்று உள்ளது. கிறிஸ்தவர்கள் தம் பாவங்களைப் பாதிரியாரிடம் அறிக்கையிடுவதற்கென அதனுள் மரத்தாலான ஒரு கூண்டு உண்டு. 2024ஆம் ஆண்டில் இரண்டு மாத காலம் அந்தக் கூண்டில் பாதிரியார் அமரும் பக்கத்தில் மனிதர் எவரும் அமரவில்லை. ஒரு கணினியும் திரையும் அவ்விடத்தில் பொருத்தப்பட்டிருந்தன. மரத்தடுப்பின் பின்னால், ஈஸா (அலை) அவர்களின் முகம் என்று ஓவியர்கள் கற்பனை செய்துவைத்திருக்கும் முகம் ஒன்று தோன்றிப் பேசியது. சுமார் 100 மொழிகளில் கேள்விக்கு விடை சொல்லியது.

ஆலயமும் அந்நகரின் உயர்கல்வி நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடமும் இணைந்து அமைத்த கலைப்படைப்பு அது. 'இயந்திரத்துள் இறைவன்' எனப் பொருள்படும் லத்தீன் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த இயந்திரத்தோடு உரையாடினர். கருத்துத் தெரிவித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், தமக்கு அது ஓர் ஆன்மிக அனுபவமாக இருந்தது என்றனர். வந்தவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர் என்பது செய்தி.

கிறிஸ்தவ அன்பர்களின் வழிபாட்டை இகழ்வது நம் நோக்கமன்று. அந்தக் கடைசிச் செய்தியே நம்மை உறுத்துகிறது. உருவத்தின் முன் நின்று வேண்டுவதை மறுக்கும் ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள், திரையில் அசையும் உருவத்தின் முன் என்ன கேட்க நின்றார்கள்? வேடிக்கைக்காக நின்றார்கள் என்றே நல்லெண்ணம் கொள்வோம். ஆனால் அதே வேடிக்கை இன்று நம் வீடுகளில், நம் கைபேசிகளில், இரவு பகலாக நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றியே இங்கு பேசப்போகிறோம்.

நகைகளை உருக்கிச் செய்த கன்று

மூஸா (அலை) அவர்கள் தூர் மலைக்குச் சென்றிருந்த நாற்பது இரவுகளுக்குள் பனூ இஸ்ராயீல் மக்கள் தடம்புரண்ட வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். சாமிரி என்பவன் மக்களின் ஆபரணங்களைக் கொண்டு ஒரு காளைக்கன்றின் உருவத்தைச் செய்தான். அதிலிருந்து ஓர் ஓசை எழுந்தது. ஓசையைக் கேட்டவுடனேயே மக்கள் மயங்கினார்கள். ஹாரூன் (அலை) அவர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை.

தாஹா அத்தியாயத்தில் இந்நிகழ்ச்சியைக் கூறும் குர்ஆன், அம்மக்களின் அறிவை நோக்கி இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. இந்தக் கன்று அவர்களுக்குப் பதில் பேசுவதில்லை என்பதை அவர்கள் பார்க்கவில்லையா? அவர்களுக்கு நன்மையோ தீமையோ செய்யும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதைச் சிந்திக்கவில்லையா?

இன்றைய கன்று பதில் பேசுகிறது. நாம் கேட்டதைப் புரிந்துகொண்டதுபோல் பேசுகிறது. நம் பெயரைச் சொல்லி ஆறுதல் கூறுகிறது. அழகிய தமிழிலும் எழுதுகிறது. இரண்டு கேள்விகளுள் முதலாவதை இந்த இயந்திரம் கடந்துவிட்டது. ஆகவே, இரண்டாவது கேள்வியைக் கேட்கவே நாம் மறந்துவிடுகிறோம். நன்மையும் தீமையும் யார் கையில்? மறைவானவற்றின் அறிவு யாரிடம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். கன்று வானத்திலிருந்து இறங்கியதன்று. மக்கள் தம் கையாலும் கழுத்தாலும் கழற்றிக் கொடுத்த நகைகளே கன்றாயின. செயற்கை நுண்ணறிவும் அவ்வாறே உருவாயிற்று. மனிதர்கள் பல்லாண்டுகளாக எழுதிக் குவித்த சொற்களும் பதிவேற்றிய படங்களும் உருக்கப்பட்டு வார்க்கப்பட்டவை அந்த இயந்திரங்கள். ஒரு சொல்லின் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதைக் கணக்கிட்டு அவை வாக்கியம் அமைக்கின்றன. நாம் கழற்றிக் கொடுத்த நகையைப் பார்த்து நாமே பரவசம் அடைகிறோம்.

சூனியக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்

சமகாலக் கலைஞர்கள் சிலர் இந்த மயக்கத்தையே தம் படைப்பின் பொருளாக்கியுள்ளனர். அவர்களுட் பலர் நம் மார்க்கத்தினர் அல்லர். ஆயினும் நாம் சொல்லியிருக்க வேண்டியதை அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஜேம்ஸ் பிரிடில் என்ற ஆங்கிலேயக் கலைஞர் 2017ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டில் ஒரு மகிழுந்தைச் சுற்றி உப்பினால் இரண்டு வட்டங்கள் வரைந்தார். வெளிவட்டம் விட்டுவிட்டு வரையப்பட்ட கோடு, உள்வட்டம் தொடர்கோடு. சாலை விதிப்படி விட்டுவிட்ட கோட்டைக் கடந்து உள்ளே நுழையலாம். தொடர்கோட்டைத் தாண்டி வெளியேறக் கூடாது. ஓட்டுநர் இன்றித் தானே ஓடும் வண்டி கோடுகளை மட்டுமே நம்புமாயின், உள்ளே வந்தபின் அங்கேயே சிறைப்படும். ஐரோப்பாவின் பழைய மாந்திரீகத்தில் தீய சக்திகளைத் தடுக்க உப்பினால் வட்டமிடும் வழக்கம் இருந்தது. நம் ஊர்களிலும் கண்ணேறு கழிக்க உப்பும் மிளகாயும் சுற்றிப் போடும் வழக்கம், மார்க்கம் அறிந்தவர்கள் தடுத்தும், இன்னும் ஓயவில்லை. அறிவின் உச்சம் என்று கொண்டாடப்படும் இயந்திரத்தை ஒரு பிடி உப்பினால் கட்டிப்போடலாம் என்று காட்டியதன் வாயிலாக, அந்த இயந்திரத்தின் மீது நாம் கொண்டிருக்கும் அச்சத்தையும் பக்தியையும் அவர் நகைக்கிறார்.

கேட் கிராஃபோர்ட், விளாடன் யோலர் ஆகிய இருவர் 2018ஆம் ஆண்டில் ஒரு பெரிய வரைபடத்தை வெளியிட்டனர். 'அலெக்சா' என்று அழைத்தால் பதில் கூறும் அமேசான் எக்கோ கருவியே அதன் பொருள். பொலிவியாவின் உப்புப் பாலையில் எடுக்கப்படும் லித்தியத்திலிருந்து, தொழிற்சாலைக் கூலி, கப்பல் போக்குவரத்து, நம்மிடமிருந்து திரட்டப்படும் தகவல்கள், முடிவில் மின்கழிவுக் குப்பை வரை அத்தனையையும் அதில் வரைந்து காட்டினார்கள். ஒரு சொல் சொன்னால் விளக்கு எரிகிறது, மந்திரம்போல் தோன்றுகிறது. அந்த ஒரு சொல்லின் பின்னால் எத்தனை சுரங்கங்கள், எத்தனை தொழிலாளர்கள் என்பதை அறிந்தபின் மந்திரம் கலைந்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் டைம் இதழ் வெளியிட்ட செய்தியும் இங்கு நினைவுகூரத் தக்கது. உரையாடும் இயந்திரம் ஒன்று கண்ணியமாகப் பேசக் கற்பதற்காக, கென்யா நாட்டுத் தொழிலாளர்கள் மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலிக்கு, மனம் பதறவைக்கும் எழுத்துகளைப் படித்து வகைப்படுத்திக் கொடுத்தார்கள். இயந்திரத்தின் நாகரிகம் அவர்களுடைய உறக்கத்தின் விலை.

இது புதிய கதையன்று. 1770ஆம் ஆண்டில் வியன்னா அரசவையில் சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்று காட்டப்பட்டது. அதற்குத் தலைப்பாகை கட்டி, உதுமானிய உடை உடுத்தி, 'துருக்கியர்' என்று பெயரிட்டார்கள். வியப்பூட்டும் மாயவித்தைக்கு முஸ்லிமின் உடையே பொருத்தமானது என்று ஐரோப்பா கருதிய காலம் அது. உண்மையில் பெட்டிக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருந்து காய் நகர்த்தினார்.

அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே நம் முன்னோர் இயந்திரங்களை எவ்வாறு அணுகினர் என்பதைப் பாருங்கள். இன்றைய தியார்பக்கிர் பகுதியை ஆண்ட அர்துகிய மன்னரின் அவையில் பணியாற்றிய அல்-ஜஸரி, 1206ஆம் ஆண்டில் தம் நூலை நிறைவுசெய்தார். யானை வடிவக் கடிகாரம், வுளூ செய்யத் தண்ணீர் வார்க்கும் கருவி எனப் பல விந்தைகளை அவர் படைத்தார். படைத்ததோடு நில்லாமல், ஒவ்வொன்றும் எவ்வாறு இயங்குகிறது என்பதை வரைபடங்களோடு எழுதிவைத்தார். வயிற்றைத் திறந்து காட்டிய இயந்திரம் நம் மரபினுடையது. தலைப்பாகைக்குள் ஆளை ஒளித்துவைத்த இயந்திரம் நம்முடையதன்று.

பிர்அவ்னின் சூனியக்காரர்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் எறிந்த கயிறுகளும் தடிகளும் நெளிவதுபோல் மக்களின் கண்களுக்குத் தோன்றின. மூஸா (அலை) அவர்களின் கைத்தடி அவற்றை விழுங்கியபோது முதலில் ஸுஜூதில் விழுந்தவர்கள் யார்? அந்தச் சூனியக்காரர்களே. தந்திரம் எது, சத்தியம் எது என்பதை, தந்திரம் அறிந்தவன் உடனே கண்டுகொள்கிறான். இயந்திரத்தின் உள்ளறிந்த கலைஞர்கள் அதன் மாயத்தைக் கலைப்பதும் இத்தகையதே. தவ்ஹீதைச் சுமந்திருக்கும் நாமோ, இன்னும் கூட்டத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம் வீடுகளின் நிலை

நம் பாட்டிமார்களின் காலத்தில் நகை காணாமற் போனால், பெண்ணுக்கு வரன் தள்ளிப்போனால், பால் கிதாபு பார்க்கச் சென்றார்கள். தாயத்தும் தகடும் எழுதி வாங்கினார்கள். அவற்றுக்கு எதிராக மேடைகளில் முழங்கினோம், துண்டறிக்கைகள் அச்சிட்டோம், பிள்ளைகளின் கழுத்திலிருந்து கறுப்புக் கயிற்றை அறுத்தெறிந்தோம். அல்ஹம்துலில்லாஹ், அது நற்பணியே.

கழுத்திலிருந்து அறுத்த கயிற்றைக் கைபேசியில் கட்டிக்கொண்டோமா என்பதே இன்றைய கேள்வி. இந்த துஆவைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நாளைக்குள் நற்செய்தி வரும், அனுப்பாவிட்டால் இழப்பு வரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதைக் குடும்பக் குழுக்களில் அனுப்புகிறோம். மேகத்தில் அல்லாஹ்வின் பெயர் தெரிவதாகக் கணினி வரைந்த படத்தின் கீழ் ஆயிரக்கணக்கில் ஆமீன் எழுதுகிறோம். கண்ட கனவுக்கு இயந்திரத்திடம் விளக்கம் கேட்கிறோம். இஸ்திகாரா தொழுதுவிட்டு, விடையை அல்லாஹ்விடம் எதிர்பார்க்கும் பொறுமையின்றி, இந்த வரன் எனக்குப் பொருந்துமா என்று திரையைத் தட்டுகிறோம். குறிகாரனிடம் சென்று கேட்பவருடைய நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் படித்திருக்கிறோம். குறிகாரனுக்குத் தாடியும் மயிலிறகும் இருந்தால் மட்டுமே நமக்கு அடையாளம் தெரிகிறது.

நாம் நேரில் அறிந்த ஒரு குடும்பத்தின் நிலையைச் சொல்கிறோம். சண்டையின் நடுவில் கணவர் தலாக் என்ற சொல்லை வாய்விட்டார். அன்றிரவு மனைவி தம் கைபேசியில் நடந்ததை எழுதிக் கேட்டார். திருமண உறவு முறிந்துவிட்டது என்று பொருள்படும் விடை வந்தது. மறுபக்கம் கணவரும் தம் கைபேசியில், தம் தரப்பை எழுதிக் கேட்டார். கோபத்தில் சொன்னது செல்லாது, கவலை வேண்டாம் என்று அவருக்கு விடை வந்தது. ஒரே வீட்டில் இரண்டு தீர்ப்புகள். ஆளுக்கொரு தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள்கள் பேசாமல் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் பாட்டி வீட்டுக்கும் தாய் வீட்டுக்குமாய் அலைந்தார்கள்.

பத்தாம் நாள் பெரியவர்கள் அவர்களை மஹல்லாவின் ஹஸ்ரத்திடம் அழைத்துச் சென்றார்கள். அவர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. என்ன சொல் சொன்னீர்கள், எத்தனை முறை, இதற்கு முன் எப்போதேனும் சொன்னதுண்டா, அப்போது உங்கள் நிலை என்ன என்று கணவரைத் தனியாகக் கேட்டார். அந்த அம்மாவின் உடல்நிலையைப் பற்றித் தம் மனைவி மூலம் விசாரித்தார். இன்னொரு மூத்த ஆலிமிடம் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று ஒரு நாள் அவகாசம் கேட்டார். இயந்திரம் ஒரு விநாடியும் அவகாசம் கேட்கவில்லை. அவர் அன்று கேட்ட அவகாசத்தில்தான் நாம் அமானிதம் என்பதைக் கண்டோம். தவறாகச் சொல்லிவிட்டால் மறுமையில் அல்லாஹ்வின் முன் நிற்க வேண்டியவர் அவர். இயந்திரத்துக்கு மறுமை இல்லை. இன்று அந்தக் குடும்பம் ஒன்றாக இருக்கிறது.

ஒரு உண்மையோடு நூறு பொய்

குறிகாரர்கள் சொல்வது சில வேளைகளில் பலித்துவிடுகிறதே என்று நபித்தோழர்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தந்த விளக்கம் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. திருட்டுத்தனமாகக் கேட்ட ஓர் உண்மையோடு நூறு பொய்களைக் கலந்து சொல்கிறார்கள் என்பதே அதன் கருத்து. உண்மை ஒன்று இருப்பதனால்தான் பொய் நூறும் விலைபோகின்றன.

உரையாடும் இயந்திரங்களிடம் மார்க்கக் கேள்வி கேட்டுப் பழகியவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு ஹதீஸைச் சரியாகச் சொல்லும். அதே குரலில், அதே உறுதியோடு, எந்த நூலிலும் இல்லாத ஒன்றை எண்ணும் அத்தியாயமும் சேர்த்துச் சொல்லும். அது வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. உண்மை, பொய் என்ற கவலையே அதற்கு இல்லை. நபியின் பெயரால் இட்டுக்கட்டுவது எத்துணைப் பெரிய குற்றம் என்பதை அறிந்த சமுதாயம், சரிபார்க்காமல் அதை அடுத்தவருக்கு அனுப்பலாமா?

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு எனக்குத் தெரியாது என்றே அவர்கள் விடையளித்ததாக வரலாற்றில் பதிவாகியுள்ளது. தெரியாது என்று சொல்லும் துணிவே இல்மின் அடையாளம் என்று நம் உஸ்தாதுகள் கற்பித்தார்கள். எல்லாக் கேள்விக்கும் விடை வைத்திருப்பவரை நம் முன்னோர் ஐயத்தோடுதான் பார்த்தார்கள்.

எழக்கூடிய மறுப்புகள்

கருவி வெறும் கருவிதானே, கத்தியைப் போல என்பர் சிலர். கத்தி நம்மிடம் பேசுவதில்லை. நம் ரகசியத்தைக் கேட்பதுமில்லை. லூசர்னின் அந்தக் கூண்டில்கூட, அந்தரங்கத் தகவல்களைச் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். நம்மை யார் எச்சரித்தார்கள்? 2020ஆம் ஆண்டு நவம்பரில், தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் முஸ்லிம் ப்ரோ செயலியைப் பயன்படுத்துவோரின் இருப்பிடத் தகவல்கள் ஒரு தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றதும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் அமெரிக்க இராணுவத்துக்குப் பணிசெய்யும் ஒப்பந்ததாரர்கள் இருந்ததும் செய்தியாயின. செயலியின் நிறுவனம் பின்னர் அத்தொடர்பை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. கிப்லாவை நோக்கித் திரும்பியவனின் இருப்பிடம் யாரிடம் விற்கப்பட்டது என்பதை அவன் அறியவில்லை.

கலைஞர்களின் படைப்புகளை நாம் ஏன் பேச வேண்டும், அவற்றில் உருவமும் உண்டு, வரம்புமீறலும் உண்டு என்பர் வேறு சிலர். உண்மையே. லூசர்னில் ஒரு நபியின் பெயரால் முகம் காட்டியதை நாம் ஏற்கவில்லை. ஏற்காததை ஏற்காமலே, அது தரும் பாடத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ஆயிரம் பேரின் தனிமையை அந்தக் கூண்டு வெளிப்படுத்தியது. மனம் திறந்து பேச மனிதர் இல்லாதபோது, மனிதன் திரையிடம் பேசுகிறான். நம் பள்ளிவாசல்களில் இஷாவுக்குப் பின் ஓர் இளைஞன் தன் சந்தேகத்தைக் கூச்சமின்றிக் கேட்க இடமுண்டா? பெண்கள் கேட்பதற்கு ஓர் ஆலிமாவேனும் உண்டா? இல்லையெனில் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

நாம் செய்ய வேண்டியவை

இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கவும், மொழிபெயர்க்கவும், பாடம் படிக்கவும் அதனைப் பயன்படுத்துங்கள். மறைவானவற்றையும் எதிர்காலத்தையும் அதனிடம் கேட்காதீர்கள். பிள்ளைகள் கேட்டால் தடுத்துக் காரணம் சொல்லுங்கள். திருமணம், தலாக், வாரிசுரிமை ஆகியவற்றில் மறுமைக்கு அஞ்சும் ஒரு மனிதரிடம் தீர்ப்புப் பெறுங்கள். மூலத்தைக் காணாத ஹதீஸை அனுப்பாதீர்கள். அல்-ஜஸரி செய்ததைப்போல் இயந்திரத்தின் உள்ளியக்கத்தைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். ஜமாஅத்துகள் வாரம் ஒரு மாலையேனும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கேள்விக்கென ஒதுக்கட்டும்.

சவூதி அரேபியாவின் அஹ்மத் மாதிர் என்ற கலைஞர் ஒரு கறுப்புக் காந்தக் கனசதுரத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றி இரும்புத் தூளைத் தூவி, தவாஃபை நினைவூட்டும் ஒரு படைப்பைச் செய்தார். 2012ஆம் ஆண்டில் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நடைபெற்ற ஹஜ் கண்காட்சியில் அதுவும் இடம்பெற்றது.  காந்தம் காந்தம்தான், தூள் தூள்தான். பார்ப்பவரின் உள்ளம் மக்காவை நோக்கிச் செல்கிறது.

அந்த மக்காவில்தான் உமர் (ரலி) அவர்கள் ஹஜருல் அஸ்வதின் முன் நின்று, நீ நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல் என்பதை அறிவேன், நபியவர்கள் முத்தமிட்டதைக் கண்டிராவிட்டால் முத்தமிட்டிருக்க மாட்டேன் என்ற கருத்தில் கூறினார்கள். சுவனத்தின் கல் என்று நாம் போற்றும் கல்லிடமே அவ்வாறு சொன்ன சமுதாயம் நாம். கையிலிருக்கும் கண்ணாடித் துண்டிடம் அதைச் சொல்ல நமக்கு என்ன தயக்கம்?

சாமிரியின் கன்று எத்தனை மொழியில் பேசினாலும் கன்றாகவே கண்டுகொள்ளும் தெளிவை நமக்கும் நம் சந்ததியினருக்கும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.